நாலு மணி நிலா

வணக்கம் சார்,

வடசென்னை தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். நிலா ஏன் தேய்கிறது, வளர்கிறது என்ற பாடத்தை முடித்துத் தேர்வும் வைத்தேன். எல்லோரும் சரியாகத்தான் எழுதினார்கள். மறுவாரம் சும்மா கேட்டுப்பார்த்தால் பாதிப் பேர், "பூமியோட நிழல் நிலா மேல விழுது மிஸ்" என்கிறார்கள். கத்திரி வெயில் ஏன் என்று கேட்டால், சூரியன் பக்கத்தில் வந்துவிடுகிறதாம். வீட்டில் ராகு, கேது கதை கேட்டு வளர்கிறார்கள். இந்த ஏரியா பிள்ளைகளுக்கு அடிப்படையே இல்லை. இதில் ஒருவன், "பகல்லகூட நிலா தெரியுதே மிஸ், அப்ப நிழல் எங்க?" என்று விதண்டாவாதம் வேறு. இந்தத் தவறான எண்ணங்களை எப்படி அகற்றுவது? நல்ல வீடியோ ஏதாவது சொல்ல முடியுமா? தமிழ்வழி, ஆங்கிலவழி என்பதால் வித்தியாசம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பையன்தான் காரணம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாடப்புத்தகத்தில் நிலா படத்தைப் பார்த்ததிலிருந்து இதே விஷயம் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து விழுந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன். "இந்த ஏரியா பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். 1980களின் பிற்பகுதியில் ஓர் ஆவணப்படத்துக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் 23 பேரைப் பிடித்து, பருவங்கள் ஏன் மாறுகின்றன, நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டார்கள். மாணவர்கள், பழைய மாணவர்கள், பேராசிரியர்களும்கூட அதில் இருந்தார்கள். 21 பேர் தடுமாறினார்கள். வெயில் காலத்தில் சூரியன் பக்கத்தில் வருகிறது என்று பட்டமளிப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு தெளிவாக, நம்பிக்கையாகச் சொன்னார்கள். அவர்கள் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவர்கள் இல்லை. அதனால் ஏரியாவை விடுங்கள்.

ராகு கேதுவையும் விடுங்கள். பாட்டி சொல்வது கிரகணக் கதை, தேய்பிறைக் கதை இல்லை. பூமியின் நிழல் நிலாமேல் விழுகிறது என்று எந்த வீட்டிலும் எந்தப் பாட்டியும் சொல்வதில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம். சந்திர கிரகணப் பாடத்தில் நாம்தான் சொன்னோம், சரியாகவே சொன்னோம். பிள்ளை அதை எடுத்துக்கொண்டுபோய் தேய்பிறைக்கும் பொருத்திக்கொண்டது. உங்கள் மாணவர்களிடம் இருப்பது மூடநம்பிக்கை என்றா நினைக்கிறீர்கள்? கையில் இருந்த நல்ல சாமான்களை வைத்து அவர்களே கட்டிய கணக்கு அது, இடம்தான் மாறிப்போயிருக்கிறது.

வோஸ்னியாடு, ப்ரூவர் என்ற இருவர் 1992-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. பூமி எப்படி இருக்கும் என்று அமெரிக்கத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் வரையச் சொல்லிக் கேட்டார்கள். உருண்டை என்று டீச்சர் சொல்லியிருக்கிறார், தரையோ தட்டையாகத் தெரிகிறது. சில குழந்தைகள் இரண்டையும் விடவில்லை. பூமி ஓர் உள்ளீடற்ற பந்து, நாம் அதற்கு உள்ளே தட்டையான தரையில் நிற்கிறோம் என்றார்கள்! இப்படி யோசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் போய் "அடிப்படையே இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கத்திரி வெயிலுக்கு நீளமாகப் போக வேண்டாம். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில்தான் தூரம் அதிகம், 15.2 கோடி. மார்கழிக் குளிரில் கோலம் போடும்போது சூரியன் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வகுப்பு சண்டை போடட்டும் என்று சும்மா நில்லுங்கள். ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நிழலே காலடியில் காணாமல் போகும். அதை மைதானத்தில் காட்டுங்கள். மீதியை அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். "பகல்லகூட நிலா தெரியுதே, அப்ப நிழல் எங்க?" ஏன் டீச்சர், இந்தக் கேள்வியையா விதண்டாவாதம் என்றீர்கள்? பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் விழும். சூரியன் வானத்தில் இருக்கும்போது அந்த நிழல் தொடுவானத்துக்குக் கீழே, நம் காலுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. ஆனால் வளர்பிறை அஷ்டமியன்று சாயங்காலம் நாலு மணிக்கு சூரியனும் இருக்கிறது, அரை நிலாவும் இருக்கிறது. நிழல் அங்கே போய் நிலாவைத் தொட வழியே இல்லை. பாதி நிலா கறுப்பாக இருப்பதற்கு வேறு ஏதோ காரணம் இருந்தாக வேண்டும். உங்கள் மாணவன் தன் வகுப்பின் கணக்கைத் தானே உடைத்திருக்கிறான். நீங்கள் அதைக் குறும்பு என்று எடுத்துக்கொண்டீர்கள்.

ராயபுரத்தில் நான் படித்தபோது எங்களுக்கு ஒரு சார் இருந்தார். கோபக்காரர், பிரம்பும் உண்டு. ஆனால் இந்தப் பாடத்தில் மட்டும் அவருக்கு அசாத்தியப் பொறுமை. முதல் நாள் எதுவுமே சொல்லிக்கொடுக்கவில்லை. நிலா ஏன் பாதியாகிறது என்று எழுதி, பெயர் போட்டுக் கொடுங்கள் என்றார். தாள்களை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். யாரையும் திருத்தவில்லை. ஒரு வாரம் கழித்து, கடைசி மணி அடித்ததும் எல்லோரையும் மொட்டை மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். கிழக்கே துறைமுகத்து கிரேன்களுக்கு மேலே, வெளுத்துப்போன அரை நிலா. மேற்கே கண் கூசும் வெயில். "பூமி நிழல் எந்தப் பக்கம்டா விழும்?" என்றார். தண்ணீர்த் தொட்டியின் நிழலைப் பார்த்துவிட்டு எல்லோரும் கிழக்கே, கீழே கையை நீட்டினோம். "நிலா எங்கடா இருக்கு?" மேலே. அப்புறம் ஒரு நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

காசிமேட்டு மீனவர் வீட்டுப் பையன் ஒருவன்தான் முதலில் சத்தம் போட்டான். நிலாவைப் பற்றி வீட்டில் தினமும் பேச்சு நடக்கிற பையன் அவன். "சார், அப்ப நிழல் இல்ல சார்!" சார் அதற்கும் ஆமாம் என்று சொல்லவில்லை. சுண்ணாம்பு தடவிய ரப்பர் பந்து ஒன்றை அவன் கையில் கொடுத்து, நிலா இருக்கும் திசையில் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பந்தில் வெயில் பட்ட பக்கம் எவ்வளவு தெரிந்ததோ, நிலாவிலும் அவ்வளவே. அதே பக்கம், அதே சாய்வு. பந்தின் இருட்டுப் பாதிக்கு யாருடைய நிழலும் வேண்டியிருக்கவில்லை. வெயில் அந்தப் பக்கம் படவில்லை, அவ்வளவுதான். 499-ல் ஆரியபட்டர் ஆரியபட்டீயத்தில் சொன்னதும் இதுவே. கோளங்களில் ஒரு பாதி தன் நிழலாலேயே இருட்டு, சூரியனைப் பார்க்கும் மறுபாதி வெளிச்சம் என்கிறார்.

அதற்குப் பிறகுதான் டிராயரைத் திறந்து அவரவர் தாளை அவரவர் கையில் கொடுத்தார். பழைய பதிலை அடிக்காமல், அதன் கீழேயே புதிதாக எழுதச் சொன்னார்.

நான் சொல்ல வருவது இந்த டிராயரைப் பற்றித்தான். பிள்ளை தன் கணக்கை முதலில் வெளியே வைத்து, அதை நம்பி ஒன்றைச் சொல்ல வேண்டும். அது பலிக்காமல் போவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். நீங்கள் முதல் நாளே சரியான விடையைக் கொடுத்துவிட்டால், அவன் அதைத் தேர்வுக்கு என்று ஒரு பக்கம் வைத்துக்கொள்வான். பழையது அதன் இடத்தில் பத்திரமாக இருக்கும். உங்கள் வகுப்பில் நடந்திருப்பது அதுதான். தேர்வில் சரி, மறுவாரம் பழையபடி.

"அகற்றுவது" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆசையும் வேண்டாம். 2012-ல் ஆண்ட்ரூ ஷ்டுல்மன் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவரும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். சிறுவயது நம்பிக்கையோடு மோதும் அறிவியல் வாக்கியங்களைச் சரியா தவறா என்று சொல்ல, படித்த பெரியவர்களுக்கே கூடுதல் நேரம் பிடித்தது. பழைய கணக்கு உள்ளே இருந்துகொண்டு ஒவ்வொரு முறையும் கையைத் தூக்குகிறது. எனவே உங்கள் பிள்ளைகள் திரும்பவும் நிழல் என்றால் ஆத்திரப்படாதீர்கள். திரும்பவும் மாடிக்குக் கூட்டிப்போங்கள்.

பாடப்புத்தகப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் பூமி, சுற்றிலும் எட்டு நிலா, பக்கத்திலிருந்து அம்பு அம்பாக வெயில். எங்கே நின்று பார்த்தால் இப்படித் தெரியும் என்று அதில் இல்லை. பூமியின் வடதுருவத்துக்கு மேலே மிதந்துகொண்டு பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தண்டையார்பேட்டைத் தரையில் நிற்கிறது. அந்தப் படத்தைக் கடைசியில் காட்டுங்கள், முதலில் வேண்டாம்.

உங்கள் மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். தமிழ்வழியா ஆங்கிலவழியா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வீடியோ எதுவும் எனக்குத் தெரியாது, தேடவும் போவதில்லை. கிழக்கே மறைப்பில்லாத கடல் வானம் உங்கள் பள்ளிக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது, அண்ணாநகர்க்காரர்களுக்கு அது கிடையாது.

ஐப்பசி, கார்த்திகையில் முயல வேண்டாம், மேகம் காலை வாரிவிடும். தை பிறந்த பிறகு காலண்டரில் வளர்பிறை அஷ்டமி பள்ளி நாளில் வருகிறதா என்று பாருங்கள். சாயங்காலம் தோதுப்படாவிட்டால் தேய்பிறை அஷ்டமி. காலைப் பிரார்த்தனை நேரத்தில் நிலா மேற்கே இருக்கும், பந்தை அந்தப் பக்கம் பிடிக்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் மைதானமே போதும்.