மனநல ஆலோசனை: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: பெங்களூர் பெல்லந்தூரில் ஐ.டி. வேலை. இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது. ஆப்பில் தேடினால் சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர், தெரபிஸ்ட், லைஃப் கோச் என்று வரிசையாக வருகிறார்கள். எல்லோருக்கும் ஐந்து ஸ்டார். யாரிடம் போவது?

பதில்: ஸ்டாரைப் பார்க்க வேண்டாம். என்ன படிப்பு, எங்கே பதிவு என்ற இரண்டை மட்டும் பாருங்கள். 'தெரபிஸ்ட்', 'கவுன்சிலர்', 'கோச்' என்று போட்டுக்கொள்வதற்கு நடைமுறையில் இன்றும் தடை எதுவும் இல்லை. இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் அதே பெயரில் அதே பக்கத்தில் வருவார்.

மருந்து எழுதுபவர் சைக்யாட்ரிஸ்ட், அதாவது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்த மனநல மருத்துவர். அவருக்கு மாநில மெடிக்கல் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். ஆன்லைனில் பார்த்தாலும் மருந்துச் சீட்டில் அந்த எண் இருக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் சொல்கிறது. எண் இல்லாத சீட்டை ஏற்காதீர்கள்.

அடுத்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி.க்குப் பிறகு மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டு வருட எம்.ஃபில். முடித்தவர்களே இதில் அதிகம். இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்சிலில், எல்லோரும் ஆர்.சி.ஐ. என்று சொல்வதில், இவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஆர்.சி.ஐ. இணையதளத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: எண் இருக்கிறது என்றதும் திருப்தியாகிவிடுகிறார்கள். அதே பதிவேட்டில் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்ற பிரிவு இருக்கிறதா, பதிவு காலாவதி ஆகவில்லையா என்பது வரை பார்த்தால்தான் சோதனை முடிந்தது.

மூன்றாவது, கவுன்சிலிங் சைக்காலஜியில் முதுகலைப் பட்டம் பெற்றவர்கள். இவர்களுக்கு ஆர்.சி.ஐ. பதிவு கிடையாது. அதனால் தரம் குறைந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை அழுத்தம், உறவுச் சிக்கல், துக்கம் போன்றவற்றுக்கு மிக நன்றாக உதவுகிறவர்கள் இவர்களில் நிறையப் பேர். ஆனால் சரிபார்க்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. பட்டம் நேரடிக் கல்லூரிப் படிப்பா, அஞ்சல்வழியா? எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்தார்? இப்போதும் ஒரு மூத்தவரிடம் மேற்பார்வை எடுத்துக்கொள்கிறாரா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு பொது மருத்துவரிடம் தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். அதில் ஒன்றும் இல்லையென்றால், பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் சி.பி.டி. முறையில், அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையில், பயிற்சி பெற்ற ஒருவரைத் தேடுங்கள். சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்கே போக முடியவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்ற கட்டத்தில் இருந்தால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மற்றது பிறகு.

புக் செய்யும் முன் இரண்டு மூன்று பேருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம். இரண்டு மாதமாகத் தூக்கமின்மையும் படபடப்பும் இருக்கின்றன. இதை எந்த முறையில் அணுகுவீர்கள்? ஏறக்குறைய எத்தனை செஷன் ஆகும்? கட்டணம் எவ்வளவு, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் என்ன விதி? உங்கள் பதிவு எண்ணைத் தர முடியுமா?"

பதில் வரும் விதமே பாதி சொல்லிவிடும். "மூன்றே செஷனில் குணம்" என்றாலோ, எண்ணைக் கேட்டதற்குக் கோபப்பட்டாலோ அடுத்தவரிடம் போங்கள். பெங்களூரில் 50 நிமிடத்துக்குப் பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். கட்டுப்படி ஆகவில்லையென்றால் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். வருமானத்துக்குத் தக்கபடி சில இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்கி வைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு.

கேள்வி: அல்சூரில் இருக்கிறோம். அப்பா தவறிய பிறகு அம்மா யாரிடமும் பேசுவதில்லை. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இங்கே விசாரித்தால் ஆங்கிலம், கன்னடம், இந்தி என்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொன்னால் போதுமா?

பதில்: போதாது. "மனசு பாரமா இருக்கு", "ஒண்ணும் பிடிக்கல" என்று அம்மா சொல்வதை நீங்கள் சுருக்கித்தான் சொல்வீர்கள். அதைவிட, உங்கள் எதிரில் அவர் சில விஷயங்களை வாயே திறக்க மாட்டார். ஆன்லைன் உண்மையிலேயே கைகொடுப்பது இந்த மாதிரி நேரத்தில்தான். ஆர்.சி.ஐ. பதிவு நாடு முழுவதற்கும் பொது. ஆகவே சென்னையிலோ கோவையிலோ இருக்கும் தமிழ் பேசும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் வீடியோவில் பேசத் தடை இல்லை. ஆப்பில் மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். வீட்டில் பேசும் தமிழா, பள்ளியில் இரண்டாம் மொழியாகப் படித்த தமிழா என்பது ஐந்து நிமிட போன் பேச்சில் தெரிந்துவிடும்.

செலவில்லாமல் தொடங்க வேண்டுமானால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண் இது. 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். நேரில் காட்டுவதென்றால் ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து நாள்தோறும் நோயாளிகள் வருகிற இடம் என்பதால் தமிழ் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். வெளிநோயாளர் பதிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். முதல் நாளில் பாதி காத்திருப்பதிலேயே போகும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

கேள்வி: மூன்று செஷன் முடிந்துவிட்டது. தெரபிஸ்ட் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எதுவும் சொல்வதில்லை. பணம் வீணாகிறதோ என்று சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதல் செஷன் ஏறக்குறைய முழுதும் விசாரணைதான். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், நடுராத்திரியில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, குடி உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்றெல்லாம் கேட்பார். கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். எல்லோரிடமும் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆலோசனையில் சொல்வது ரகசியம். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தை மீது கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில் மட்டும் அது தளரும். இந்த எல்லையை அவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் மூன்றாவது, நான்காவது செஷனுக்குள் ஒரு திட்டம் உங்கள் கையில் இருக்க வேண்டும்: பிரச்சினையை அவர் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார், என்ன செய்யப்போகிறோம், தேறுகிறதா என்பதை எதைக் கொண்டு அளப்போம். நேரடியாகவே கேளுங்கள். "இதுவரை உங்களுக்கு என்ன புரிந்தது? அடுத்த ஆறு வாரம் என்ன செய்வோம்?" நல்லவர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். சில முறைகளில் தெரபிஸ்ட் வேண்டுமென்றே குறைவாகப் பேசுவார். அப்படியானால் ஏன் என்று விளக்கிச் சொல்ல அவரால் முடியும்.

நீங்களே அளந்து பார்க்கவும் வழி உண்டு. பி.எச்.க்யூ-9 என்பது மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வி. மதிப்பெண் 0 முதல் 27 வரை. பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7, ஏழு கேள்வி, 0 முதல் 21 வரை. இரண்டும் இலவசம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பித் தேதியோடு குறித்து வையுங்கள். இதை வைத்து நீங்களே நோயைத் தீர்மானித்துவிடக் கூடாது. போக்கு எப்படி என்று பார்க்க உதவும். 17 என்று தொடங்கியது எட்டு வாரம் கழித்தும் 16-லேயே நின்றால், முறையை மாற்றுவதா, மனநல மருத்துவரையும் சேர்த்துக்கொள்வதா என்று அவரிடம் பேச வேண்டிய நேரம் அது. நடுவில் ஓரிரு வாரம் கொஞ்சம் கூடினால் கலங்க வேண்டாம். மூடி வைத்ததைத் திறக்கும்போது அப்படி ஆவது சகஜம்.

பிடிக்காமல் வெளியேறுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சில விஷயங்களில் மட்டும் யோசிக்கவே கூடாது: வேறொரு வாடிக்கையாளரின் கதையை அடையாளத்தோடு உங்களிடம் சொல்வது, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது, உங்களைக் கேட்காமல் வீட்டாரிடம் பேசுவது, செஷனுக்கு வெளியே நெருக்கம் காட்டுவது. அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: மடிவாளாவில் பி.ஜி. விடுதியில் இருக்கிறேன். ஒரே அறையில் மூன்று பேர். ஆன்லைனில் எப்படி மனம்விட்டுப் பேசுவது?

பதில்: மைக் வைத்த இயர்போன் அவசியம். ஆலோசகர் பேசுவது வெளியே கேட்காது என்பதே பெரிய நிம்மதி. அறை கிடைக்காவிட்டால் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் மொட்டை மாடி, நிறுத்திய கார், ஆபீஸில் புக் செய்த மீட்டிங் அறை என்று யோசியுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் வேண்டாம். அதில் என்னென்ன பதிவாகிறது என்பது உங்கள் கையில் இல்லை. வீடியோ முடியாத நாளில் வெறும் குரல் அழைப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று முதலிலேயே பேசி வையுங்கள். நெட் போனால் யார் யாரைக் கூப்பிடுவது என்பதும் முன்பே முடிவாகட்டும். இல்லையென்றால் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் திரை உறைந்து, இரண்டு பக்கமும் மாறி மாறி டயல் செய்து பத்து நிமிடம் போய்விடும்.

முதல் செஷனிலேயே உங்கள் முகவரியையும் அவசரத்துக்கு ஒருவரின் எண்ணையும் அவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே கொடுங்கள். ஆன்லைன் ஆலோசகர் நடுராத்திரி அவசரத்துக்கு ஓடி வர முடியாது. அந்த நேரத்துக்கு 14416, அவசர உதவி எண் 112, 24 மணி நேரமும் இயங்கும் நிமான்ஸ் அவசரப் பிரிவு ஆகியவைதான். தற்கொலை எண்ணம் வலுத்திருப்பவர்கள், காதில் குரல் கேட்பவர்கள், கடுமையான குடிப்பழக்கம் உள்ளவர்கள், வீட்டில் அடி வாங்கிக்கொண்டு அதே வீட்டிலிருந்து பேச வேண்டியவர்கள் ஆகியோருக்கு ஆன்லைனை மட்டும் நம்பும்படி நாங்கள் சொல்ல மாட்டோம். நேரில் போக வேண்டும்.

கேள்வி: ஒரு ஆப்பில் 12 செஷன் பேக்கேஜுக்கு 18,000 ரூபாய் கட்டினேன். நான்காவது செஷனுக்குப் பிறகு தெரபிஸ்ட் விலகிவிட்டார். வேறு ஒருவரைத் தந்தார்கள், ஒத்துவரவில்லை. 'நோ ரீஃபண்ட்' என்கிறார்கள். வழி உண்டா?

பதில்: உண்டு. 'நோ ரீஃபண்ட்' என்று எழுதிவைத்தாலே பொறுப்பு தீர்ந்துவிடாது. நீங்கள் பணம் கட்டியது அந்த ஒருவரைப் பார்த்து என்றால், அவர் விலகியதும் சேவையில் குறைபாடு என்று வாதிட இடமிருக்கிறது. மீதி 8 செஷனுக்கு, ஒன்றுக்கு 1,500 வீதம், 12,000 ரூபாய் கேளுங்கள். சாட்டில் சண்டை போடாமல், ஆப்பின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ரசீது, பேக்கேஜ் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், தெரபிஸ்ட் விலகியதாக வந்த செய்தி மூன்றையும் இணையுங்கள். என்ன பேசினீர்கள் என்ற செஷன் விவரம் அதில் ஒரு வரிகூட வேண்டாம், தேவையே இல்லை. அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இணையவழியிலும் முடியும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும்.

மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் திட்டம் என்றால், ஆப்பை அழித்தால் மட்டும் நிற்காது. உங்கள் யு.பி.ஐ. ஆப்பின் ஆட்டோபே பகுதியிலோ வங்கியின் மேண்டேட் பகுதியிலோ போய் ரத்து செய்யுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: செஷன் செஷனாகவே வாங்குங்கள். பேக்கேஜில் மிச்சமாகும் இருநூறு முந்நூறு ரூபாய்க்காக, பிடிக்காதவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டி வரும். ஆறாவது செஷனுக்குப் பிறகு, ஒத்துப்போகிறது என்று உறுதியானால் பேக்கேஜைப் பற்றி யோசிக்கலாம். சேரும் முன் 'உங்கள் மனநிலையை அறிய' என்று நீளமாகக் கேள்வி கேட்கும் ஆப்களிலும் கவனம். அப்படிச் சேகரித்த விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுடன் பகிர்ந்ததாக, பெட்டர்ஹெல்ப் நிறுவனம் மீது 2023-இல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலர் தருவதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. தனியுரிமைப் பக்கத்தில் விளம்பரக் கூட்டாளிகள் என்ற பேச்சு வந்தால் கேள்விகளை நிரப்பாமல் வெளியே வாருங்கள்.

கேள்வி: மெடிக்கல் இன்சூரன்ஸில் இது வருமா?

பதில்: உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் தருகின்றன. வாராவாரம் போகும் ஆலோசனை, ஓ.பி.டி. (வெளிநோயாளர் செலவு) சேர்த்த பாலிசியாக இருந்தால்தான் வரும். பாலிசியில் 'ஓ.பி.டி.', 'காத்திருப்புக் காலம்' என்ற இரண்டு இடத்தைத் தேடிப் படியுங்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர் உதவித் திட்டம் என்று வெளியார் மூலம் சில இலவச செஷன்கள் உண்டு. எச்.ஆர்.ருக்குப் பெயர் போகுமா, எண்ணிக்கை மட்டும் போகுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். இலவச செஷன் தீர்ந்த பிறகு அதே ஆளிடமே பணம் கட்டித் தொடரலாமா என்பதையும் முதல் நாளே கேளுங்கள். சில திட்டங்களில் அனுமதி கிடையாது. பாதியில் புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும்.