தடுப்பூசி ட்ரையல்ல சேரலாமானு கேட்ட தம்பிக்கு

தம்பி, மாஸ்டர்ஸ் படிக்க இங்கிலாந்து வந்து மூணு மாசம் ஆகுது, காலேஜ்ல தடுப்பூசி ட்ரையலுக்கு (புது தடுப்பூசிய ஆளுங்களுக்கு போட்டுப் பாக்கற ஆய்வு) ஆள் தேவைனு நோட்டீஸ் பாத்தேன், பணமும் தர்றாங்களாம், சேரலாமா இல்ல நம்மள சோதனை எலி ஆக்கிடுவாங்களா, அம்மா வேற வேண்டவே வேண்டாங்கறாங்கனு கேட்டிருந்தீங்க. நான் இங்க வந்து 17 வருஷம் ஆச்சு. 2020ல ஆக்ஸ்ஃபோர்ட் கொரோனா தடுப்பூசி ட்ரையல்ல சேந்தேன், அதுக்கப்புறம் லீவு நாள்ல நம்ம ஆளுங்ககிட்ட தடுப்பூசி பத்தி பேசப் போறேன். அந்த அனுபவத்துல சொல்றேன்.

பணத்துக்காக மட்டும்னா சேராதீங்க. அவங்க குடுக்கறது சம்பளம் இல்ல, உங்க நேரத்துக்கும் வந்துபோற செலவுக்கும்தான். பணத்த மனசுல வச்சு போறவங்க ஆஸ்துமா இருக்கறத மறைப்பாங்க, வேற மாத்திரை சாப்பிடறத சொல்ல மாட்டாங்க, அது அவங்களுக்கும் ஆபத்து, ட்ரையலும் கெட்டுப்போகும். ஒரே நேரத்துல ரெண்டு ட்ரையல்ல சேர்றவங்கள பிடிக்கறதுக்குனே டாப்ஸ்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, நம்மள மாதிரி வெளிநாட்டு ஆளுங்களுக்கு பாஸ்போர்ட் நம்பர வச்சே பாத்துருவாங்க.

அம்மாவோட பயத்துக்கு வர்றேன், அது நியாயமான பயம். 2006ல லண்டன்ல ஒரு புது மருந்த (தடுப்பூசி இல்ல) முதல்முறையா மனுஷங்களுக்கு போட்டப்ப, சில நிமிஷ இடைவெளில ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா 6 பேருக்கும் ஏத்திட்டாங்க, 6 பேருமே ஐசியூக்கு போனாங்க. உயிர் பொழச்சாங்க, ஆனா பட்டது ரொம்ப. அதுக்கப்புறம் முறையே மாறிடுச்சு, புது மருந்துன்னா மொதல்ல ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ போட்டு, பொறுத்திருந்து பாத்துதான் அடுத்தவங்க. ஆக்ஸ்ஃபோர்ட் ட்ரையல் 2020 ஏப்ரல் 23 ஆரம்பிச்சப்ப அன்னிக்கு ஊசி போட்டது வெறும் 2 பேருக்கு. அதே வருஷம் செப்டம்பர்ல ஒருத்தருக்கு காரணம் புரியாம உடம்பு முடியாம போனதும் மொத்த ட்ரையலையும் நிறுத்தி வச்சு, விசாரிச்சு, அப்புறம்தான் தொடர்ந்தாங்க. எனக்கு அப்ப பயமும் இருந்துச்சு, நிறுத்தினாங்களேங்கற நம்பிக்கையும் வந்துச்சு. இன்னொன்னையும் மறைக்காம சொல்லணும், அந்த தடுப்பூசியால ரொம்ப அபூர்வமா ரத்தம் உறையற பிரச்சனை வரும்ங்கறது லட்சக்கணக்கான பேருக்கு போட்டப்புறம்தான் தெரிஞ்சது, 2021 ஏப்ரல்ல 30 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு வேற ஊசி குடுக்கலாம்னு இங்க மாத்தினாங்க. சில ஆயிரம் பேர் இருக்கற ட்ரையல்ல எல்லாமே தெரிஞ்சிடாது, தெரிஞ்சே சேருங்க.

நடைமுறைல என்ன ஆகும்னா, மொதல்ல பல பக்கத்துக்கு ஒரு தகவல் ஷீட் குடுப்பாங்க. அத வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ரெண்டு தடவ படிங்க, அங்கயே கையெழுத்து போடாதீங்க. ஜிபிகிட்ட (உங்க ஏரியா குடும்ப டாக்டர்) இன்னும் பதிவு பண்ணலைன்னா இப்பவே பண்ணுங்க, ட்ரையல்காரங்க உங்க ஹெல்த் விவரத்த அங்கதான் கேப்பாங்க. ரத்தம் எடுப்பாங்க, ஊசி போட்டப்புறம் கொஞ்ச நேரம் உக்கார வைப்பாங்க, தர்மாமீட்டர் குடுத்து காய்ச்சல் எவ்ளோ, கை வீங்கியிருக்கானு தினமும் எழுத சொல்வாங்க. நான் வாராவாரம் தொண்டைல குச்சி விட்டு சாம்பிள் அனுப்பிட்டே இருந்தேன். உங்களுக்கு போட்டது புது தடுப்பூசியா, ஒப்பிட்டுப் பாக்க போடற வேற ஊசியானு உங்களுக்கு தெரியாது, பல ட்ரையல்ல உங்கள பரிசோதிக்கறவங்களுக்கும் தெரியாது. எனக்கு போட்டது கொரோனா தடுப்பூசி இல்ல, மூளைக்காய்ச்சல் தடுப்பூசினு, மறைச்சு வச்சத உடைச்சு சொன்னப்பதான் தெரிஞ்சது, கொஞ்சம் ஏமாத்தமாதான் இருந்துச்சு, ஆனா ஒப்பிட்டுப் பாக்க எங்கள மாதிரி பாதிப் பேர் இல்லைன்னா அந்த ரிசல்ட்டே இல்ல. டிசம்பர்ல ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தா மொதல்லயே சொல்லிடுங்க, விசிட் தேதி எல்லாம் முன்கூட்டியே குறிச்சிருப்பாங்க. எப்ப வேணா காரணமே சொல்லாம விலகலாம், அதனால உங்க வழக்கமான வைத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது.

ஆக்ஸ்ஃபோர்ட்ல இன்னொரு ஆய்வுல நூறு பேர் போல தடுப்பூசி போட்டுக்கிட்டு டைபாய்டு கிருமி கலந்த தண்ணிய தெரிஞ்சே குடிச்சாங்க, அப்புறம் ஆன்டிபயாடிக் குடுத்து சரிபண்ணினாங்க. அதுல சோதிச்ச ஒரு தடுப்பூசி ஹைதராபாத்துல தயாரிச்சது, 2018ல உலக சுகாதார நிறுவனம் அத குழந்தைங்களுக்கு போட பரிந்துரைச்சது. டைபாய்டு இங்க உள்ளவங்களுக்கு பெரிய நோயே இல்ல, நம்ம பக்கத்து குழந்தைங்களுக்குதான். அத நெனச்சா எனக்கு இப்பவும் மனசு நெறஞ்சு போகுது.

ஊசிக்கு மனசு வரலைன்னா வேண்டாம் தம்பி, ட்ரையல் பத்தி நம்ம ஆளுங்களுக்கு புரியவைக்கற மாதிரி வேற வேலை நெறைய கெடக்கு, அதுக்கு நம்ம ஆளுங்க ரொம்பக் கம்மி. ஒரு தடவ எங்களுக்கு வந்த தமிழ் நோட்டீஸ்ல "தடுப்பூசி சோதனையில் பங்கேற்க வாருங்கள்"னு இருந்துச்சு. ஒரு அம்மா படிச்சிட்டு "இருக்கற சோதனை போதாதாப்பா, இன்னும் சோதனைக்கு வேற கூப்பிடறீங்களா"ன்னாங்க. நம்ம காதுல சோதனைன்னா கடவுள் குடுக்கற கஷ்டம்தான வரும்! தன்னார்வலர்னு போட்டா சாப்பாடு குடுக்கற வேலைனு நெனச்சு வந்தாங்க. மொழிபெயர்த்தவங்க அகராதி பாத்து போட்டிருக்காங்க, ஆள்கிட்ட பேசிப் பாக்கல. அதுலேந்து நாங்க ட்ரையல்னே சொல்றோம், புரியுது. தடுப்பூசில பன்னி கொழுப்பு இருக்கானு கேப்பாங்க, சிரிக்கக் கூடாது, இங்க குழந்தைங்களுக்கு மூக்குல விடற ஃப்ளூ தடுப்பு மருந்துல பன்னி ஜெலட்டின் நெஜமாவே இருக்கு, அது வேண்டாங்கறவங்களுக்கு ஊசியா கேட்டு வாங்கலாம், அத தெளிவா சொன்னாலே அடுத்தடுத்த கேள்விய நம்பி கேக்கறாங்க.

பி பார்ட் ஆஃப் ரிசர்ச்னு என்ஐஎச்ஆரோட (இங்க மருத்துவ ஆய்வுக்கு பணம் தர்ற அரசு அமைப்பு) சைட் இருக்கு, எந்த ஊர்ல என்ன ஆய்வு நடக்குதுனு அதுல பாக்கலாம். தகவல் ஷீட்ட ஆளுங்களுக்கு புரியற மாதிரி திருத்தறதுக்கும் டாக்டர் இல்லாத சாதாரண ஆளுங்கள கூப்பிடுவாங்க, உங்க தமிழுக்கு அங்க வேலை இருக்கு. அந்த நோட்டீஸ்ல சொன்ன ஷீட் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்க, அம்மாவையும் போன்ல வச்சுக்கிட்டு மூணு பேருமா ஒரு சாயந்திரம் படிக்கலாம்.