மழைக்கு நின்ற நடை, கடைத் தே தாரேக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: தொடங்க முடிகிறது, தொடர முடியவில்லை.

கேள்வி: 21 நாள் செய்தால் பழகிவிடும் என்றார்கள். 25 நாள் நடந்தேன், மழை பிடித்தது, நின்றுபோனது. எனக்கு மன உறுதி இல்லையா?

அக்கா, உங்களிடம் குறையில்லை, அந்தக் கணக்குதான் தப்பு. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1960இல் எழுதினார், அதை எடுத்து எல்லாப் பழக்கத்துக்கும் ஒட்டிவிட்டார்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பும் இல்லை. அதனால் மழை விட்டதும் செருப்பை மாட்டுங்கள். ஆனால் 'நேரம் கிடைத்தால் நடப்பேன்' என்று வைக்காதீர்கள், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டதும் அப்படியே திடலைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. வீட்டில் சீனி போடாவிட்டால் கடைக்குப் போய் தே தாரேக் (இனிப்பான பால் தேநீர்) குடிக்கிறார்.

அம்மா, கொஞ்ச நாள் சொல்வதை நிறுத்திப் பாருங்கள். பயமுறுத்தினால் ஒரு வாரம் கேட்பார்கள், அப்புறம் பழைய கதைதான். 'எதைக் குறைக்க உங்களால் முடியும்?' என்று அவரிடமே கேளுங்கள், அவர் வாயால் சொன்னதுதான் நிற்கும். கடையில் 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று கேட்பதில் தொடங்கட்டும், நாக்கு பழகப் பழக 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) வரைக்கும் போகலாம். முக்கியமாக, அவருக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். எல்லோரும் கறியும் சோறுமாக உட்கார்ந்திருக்க ஒருவர் மட்டும் நோயாளிச் சாப்பாடு சாப்பிட்டால் எத்தனை நாள் தாங்குவார்? என் அப்பாவுக்கு நான் வருஷக்கணக்கில் அறிவுரை சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. அம்மா டின் பால் வாங்குவதை நிறுத்திய பிறகுதான் மாறினார். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது, இந்தியர்களிடம்தான் அதிகம். ஆகவே பிள்ளைகளுக்கும் இதே சாப்பாடுதான் நல்லது.

கேள்வி: செம்பனை மில்லில் ஷிப்டு வேலை. உடற்பயிற்சிக்கு நேரமே இல்லை.

வாரம் 150 நிமிடம் போதும், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் நடக்கலாம். 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்கள் இந்த அளவு நடையோடு உடல் எடையில் 7 விழுக்காடு குறைக்க முயன்றார்கள். நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையில் 31தான். அவர்கள் யாரும் தனியாகச் செய்யவில்லை, ஆளுக்கு ஒரு வழிகாட்டி கூடவே இருந்தார். நீங்களும் ஷிப்டுத் தோழர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று முறை சிகரெட்டை விட்டேன், மூன்று முறையும் திரும்பினேன்.

தம்பி, பலர் பல முறை முயன்றுதான் விடுகிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் சிகரெட்டை விட உதவும் சேவை இருக்கிறது, இந்த முறை அங்கே போங்கள். ஓய்வு நேரத்தில் யாரோடு உட்காருகிறீர்கள் என்பதையும் பாருங்கள், அந்தக் கூட்டத்தில் விட நினைக்கும் இன்னொருவர் கட்டாயம் இருப்பார், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.