நீங்கள் வெட்டிய நாலு நிமிடம்

கேள்வி: ஈரோடு பக்கம் ஏழு வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். தம்பதிகளுக்கான இ.எஃப்.டி. என்கிற உணர்வுமையச் சிகிச்சையில் பயிற்சி எடுத்து வருகிறேன். எக்ஸ்டர்ன்ஷிப் என்கிற நான்கு நாள் அறிமுகப் பயிற்சியை முடித்து, அடுத்த கட்டமான கோர் ஸ்கில்ஸில் பாதி தாண்டிவிட்டேன். சூப்பர்வைசர் வெளிநாட்டுக்காரர். என் அமர்வுகளின் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் ‘அவசரப்படுகிறீர்கள்’ என்கிறார். நம்ம ஊர் ஆண்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்பதைத் தாண்டி வாய் திறக்க மாட்டார்கள். நானும் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள்தான், எனக்குத் தெரியும். போன மாதம் தறி வைத்திருக்கும் ஒரு தம்பதி வந்தார்கள். மூன்றாவது அமர்வில் அவர் ‘வாசப்படி மிதிக்கறப்பவே காலு பின்னுதுங்க’ என்றார். அதோடு சரி, அப்புறம் நாலு நிமிடம் பேச்சே இல்லை. ஒன்றும் நடக்காத அந்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்பினேன். அதற்கும் குறைதான் சொன்னார். பிரச்சினைக்குக் காரணம் மாமியார், அதை இந்த முறையில் தொடவே முடியவில்லை. என் வீட்டுக்காரரும் அதிகம் பேசாதவர். நான் கண்டுகொள்வதில்லை, பதினாறு வருடம் நன்றாகத்தான் போகிறது. இந்த மேல்நாட்டு முறை கொங்கு நாட்டுக்கு ஒத்துவராது என்று விட்டுவிடலாமா? கட்டிய பணம்தான் உறுத்துகிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் அந்தத் தம்பதியின் ஊர், எத்தனை தறி, பிள்ளை எந்தப் பள்ளி என்று எல்லாம் இருந்தது. எடுத்துவிட்டேன். அவர் சொன்ன வாக்கியத்தைக்கூடப் பொருள் கெடாமல் வேறு சொல்லாக்கித்தான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். நம்பி வந்து உட்கார்ந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைக்கு இவ்வளவு எழுதலாமா அம்மிணி? வெட்ட வேண்டியது இதையெல்லாம். நீங்கள் வேறு எதையோ வெட்டியிருக்கிறீர்கள்.

அந்த நாலு நிமிடத்தைத்தான் கேட்கிறேன்.

‘நம்ம ஆளுங்க பேச மாட்டாங்க’ என்று ஆலோசகர்கள் எனக்கு எழுதுவது புதிதில்லை. திருப்பூரிலிருந்து வரும், நாமக்கல்லிலிருந்து வரும், பொள்ளாச்சியிலிருந்தும் வரும். நானும் ஊர் வழக்கம், ஆண்களின் சுபாவம் என்று ஏதோ பதில் எழுதிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. உங்கள் ஆள் பேசியிருக்கிறார். வாசப்படி மிதிக்கும்போதே கால் பின்னுகிறது என்று ஒரு ஆண்பிள்ளை, பெண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போதே, அந்நியப் பெண்ணொருத்தியிடம் சொல்லியிருக்கிறார். தன் வீட்டுக்குள் போகவே பயமாக இருக்கிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்ல? சொல்லி முடித்ததும் வாய் அடைத்துப் போனது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் ‘ஒன்றும் நடக்கவில்லை’.

நீங்கள் கற்கும் முறை எப்படி உண்டானது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். 1980களில், கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சூ ஜான்சன் மாணவி, லெஸ்லி கிரீன்பெர்க் அவருடைய ஆசிரியர். தம்பதிகளுடன் நடந்த அமர்வுகளைப் பதிவு செய்து, அந்த டேப்புகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். வழக்கமான சண்டை எந்த இடத்தில் வேறு பக்கம் திரும்புகிறது, அதற்கு முந்தின நிமிடம் என்ன நடந்தது என்று தேடினார்கள். அப்படித் தேடிச் செய்த முறையின் முதல் ஆய்வு 1985இல் வெளிவந்தது. ஆக, டேப்பை உட்கார்ந்து பார்த்ததில் பிறந்த வித்தை இது. அதைக் கற்றுக்கொள்ளப் போனவர் டேப்பையே கத்தரித்து அனுப்பினால் சூப்பர்வைசர் எதைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பார்? ‘அவசரப்படுகிறீர்கள்’ என்றாரே, அவருக்கு நம்ம ஊர் தெரியாவிட்டாலும் உங்களைத் தெரிந்திருக்கிறது.

சூ ஜான்சன் 2024இல் காலமாகிவிட்டார். இங்கிலாந்தில் அவருடைய அப்பா மதுக்கடை நடத்தினார். அங்கே வந்து போகிறவர்கள் கொஞ்சுவதையும் கட்டிப் புரண்டு சண்டை போடுவதையும் பார்த்தே வளர்ந்தவர் அவர். உங்களுக்கு வாய்த்தது தறிக்குடோன். அதுவும் லேசுப்பட்ட பள்ளிக்கூடம் இல்லை. தறிக்காரர் வீட்டுக் குழந்தை ராத்திரி ஷிஃப்டின் சத்தத்தில் அசந்து தூங்கும், எப்போது எழுந்துகொள்ளும் என்று உங்களுக்கே தெரியும். தறி நின்றால் எழுந்துகொள்ளும். கரண்டு போனால், ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், சத்தம் நின்ற அந்த நொடியில் வீடே விழித்துக்கொள்ளும். ‘என்னாச்சு?’ என்று பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரைக்கும் எழுந்து உட்காரும். அந்த வீட்டில் பிறந்த நீங்கள், உங்கள் எதிரே ஒரு மனுஷர் நின்றுபோனபோது ஏன் விழித்துக்கொள்ளவில்லை?

பாடத்தில் இருப்பதையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் துரத்துவார், ஒருவர் ஒதுங்குவார். அவள் கேட்கக் கேட்க இவன் வாயை மூடுவான், இவன் மூட மூட அவள் இன்னும் உரக்கக் கேட்பாள். அந்தச் சுழல்தான் பகையாளி, இரண்டு பேரில் ஒருவரும் இல்லை. ஒதுங்குகிறவருக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம். உள்ளே நிறைய ஓடும். எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும், இவளுக்கு நான் எப்போதும் போதாதவன் என்கிற பயம்தான் முக்கால்வாசி. 1970களில் உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் செய்த சோதனை உங்களுக்குத் தெரியும். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா, சொல்லிவைத்தபடி முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்கிறாள். கைக்குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டிப் பார்க்கிறது, சிணுங்குகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. திருப்பிக்கொண்ட பிள்ளைக்கு அம்மா வேண்டாம் என்று யாராவது சொல்வோமா? ஐம்பது வயது ஆள் முகத்தைத் திருப்பினால் மட்டும் கல்நெஞ்சுக்காரன் என்கிறோம்.

இந்தச் சிகிச்சையின் இரண்டாம் கட்டத்தில் ஒதுங்குகிறவரைத்தான் முன்னால் அழைத்து வருவார்கள். அவர் வந்து நிலையாக நின்ற பிறகுதான் துரத்துகிறவரைக் குரலை இறக்கி மெத்தென்று பேசச் சொல்ல முடியும். ஆள் இல்லாத இடத்தில் அவள் போய்ச் சாய முடியாதே. மூன்றாவது அமர்வில் அதற்கெல்லாம் காலம் வரவில்லைதான். ஆனால் எந்த வழியாகப் பிற்பாடு அவரை அழைத்துவரப் போகிறீர்களோ அந்த வழியை அவரே காட்டிவிட்டார். நீங்கள் செய்ய வேண்டியிருந்தது கொஞ்சம்தான். குரலை இறக்கி, நிதானமாக, அவர் சொன்ன சொல்லையே எடுத்து, ‘வாசப்படியில காலு பின்னுதுங்கறீங்க… உள்ள வரணும், ஆனா காலு வரமாட்டேங்குது’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அதே சொல்லை, ஞாபகம் இருக்கட்டும். நான் மாற்றி அச்சிட்டிருக்கிறேன், நீங்கள் மாற்றக் கூடாது. சூப்பர்வைசருக்காக அதை இங்கிலீஷில் ‘வருத்தமாக இருக்கிறார்’ என்று எழுதியிருந்தால் அதையும் அடித்துவிட்டு, கால், வாசப்படி, பின்னுவது மூன்றையும் அப்படியே சொல்லிப் புரியவையுங்கள். வெளிநாட்டுக்காரருக்கும் கால் இருக்கிறது.

சரி, ஏன் வெட்டினீர்கள்? நேரம் மிச்சம் பிடிக்க என்று சொல்லாதீர்கள், நான் நம்ப மாட்டேன். உங்களால் அந்த நாலு நிமிடத்தைத் திரும்ப உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டுக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதிகம் பேசாதவர், நான் கண்டுகொள்வதில்லை, பதினாறு வருடம் நன்றாகத்தான் போகிறது. நன்றாகப் போகிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவர் சொன்னாரா? கேட்டீர்களா? வீட்டில் ஒரு ஆணின் மௌனத்தைப் பதினாறு வருடமாகத் தாண்டித் தாண்டிப் போய்ப் பழகிய கால், ஆலோசனை அறையிலும் அதே மாதிரி தாண்டிவிட்டது. குடும்பத்தைப் பிழைப்பாக எடுத்துக்கொண்டவர்களுக்குத் தங்கள் குடும்பத்தின் மேல் கூடுதல் கடமை உண்டு என்று நினைக்கிறவள் நான். பழைய காலத்துப் பேச்சு என்பீர்கள், இருக்கட்டும். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், பயிற்சியில் படித்ததை வைத்துக்கொண்டு அவர்மேல் சிகிச்சை நடத்தாதீர்கள். ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவாமல் ஐந்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

மாமியார் விஷயத்துக்கு ஒரு பத்திக்கு மேல் தகுதி இல்லை. நீங்கள் அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை, மூன்றே அமர்வில் குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள். பெற்றவளைப் பார்த்துக்கொள்வதை வியாதியாகப் பார்க்கிற ஆலோசகர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. அவளா, நீயா என்று அவரைத் தேர்வெழுத வைக்காதீர்கள். அம்மா பக்கம் திரும்பும்போது மனைவிக்கு எங்கே வலிக்கிறது, அதை அவள் எந்தக் குரலில் சொல்கிறாள், அந்தக் குரல் கேட்டதும் இவர் எங்கே போய் ஒளிந்துகொள்கிறார், இவ்வளவும் இந்த முறைக்குள்ளேயே வருகிற சமாச்சாரம். தொட முடியவில்லை என்கிறீர்கள். நீங்கள் தொட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தொடக்கத்தில் இருவரையும் தனித்தனியாக ஒரு அமர்வு பார்த்தீர்களா? வாசப்படியில் அவருக்குக் கால் பின்னுகிறது என்பதை மட்டும் வைத்து, அந்த வீட்டில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று முடிவு கட்ட முடியாது. கை நீட்டுவது நடக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் தனியே கேட்டாக வேண்டும். நடக்கிறது என்றால் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து மனசைத் திறக்கச் சொல்லும் இந்தச் சிகிச்சையை அங்கேயே நிறுத்த வேண்டும். அடிக்கிற வீட்டில் மனசைத் திறந்து காட்டினால் அந்த இடத்திலேயே அடுத்த அடி விழும். குடும்பம் பிரியக் கூடாது என்று நினைக்கிற நானே சொல்கிறேன், அந்த இடத்தில் அவளுடைய உயிர்தான் முன்னால்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். வெட்டாத பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சூப்பர்வைசருக்கு முழுசாக அனுப்பி, வெட்டியதையும் ஒப்புக்கொள்ளுங்கள். வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். அந்த வெட்கத்தோடு பயிற்சியை முடிக்கலாம். அனுப்ப மனசு வராவிட்டால் விட்டுவிடுங்கள், பணம் போனால் போகிறது. தன் தப்பைக் காட்டப் பயப்படுகிறவர் அடுத்தவர் தாம்பத்தியத்தில் கை வைக்கக் கூடாது.

அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை பாருங்கள், சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அவரைப் பார்க்க வேண்டாம். அவர் வாய் அடைத்து உட்கார்ந்திருந்த அந்த நாலு நிமிடமும் அவர் மனைவி எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கை எங்கே இருந்தது என்று பாருங்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பார்த்ததை எனக்கு எழுத வேண்டாம். உங்கள் சூப்பர்வைசருக்கு எழுதுங்கள்.