காலை பத்து மணிக்குள் கடை, உப்புத் தண்ணீரில் கைகழுவல்: கீழக்கரை வாசகியின் கேள்விக்குப் பதில்

கேள்வி (மே 2021): கீழக்கரையில் ஆறு பேர் உள்ள குடும்பம் எங்களுடையது. வாப்பாவுக்கு 71 வயது, இன்சுலின் போடுகிறார். கொரோனா ஊரடங்கில் கடைகள் காலை 6 முதல் 10 மணி வரைதான். தம்பி மட்டும் வெளியே போய் வருகிறான். அவன் கொண்டு வரும் காய்கறி, பால் கவர், மளிகை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம். போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைப்பதே இல்லை. குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீர் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. மீன் வாங்கலாமா? எதைக் கட்டாயம் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம்?

பதில்:

பொருள்களைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த நல்ல தண்ணீர் தம்பியின் கைகளுக்குப் போகட்டும். அந்தக் கவனம் அவருடைய முகக்கவசத்துக்கும், கடை வாசலில் அவர் நிற்கும் நேரத்துக்கும் போகட்டும்.

இந்தப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. கடந்த ஆண்டு மார்ச்சில் வெளியான ஆய்வகச் சோதனையில் கொரோனா கிருமி அட்டையில் 24 மணி நேரம் வரையும், பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரையும் தாக்குப்பிடித்தது. அது அறைக்குள், நிறையக் கிருமியை வைத்துப் பார்த்த சோதனை. பையில் ஒட்டியிருப்பது கைக்கு வந்து, கையிலிருந்து மூக்குக்குப் போய், தொற்றும் அளவுக்குச் சேர வேண்டும். அப்படி நடப்பது அரிது. கிருமி பட்ட ஒரு பரப்பை ஒருமுறை தொட்டால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. நெரிசலான, காற்றோட்டம் இல்லாத இடங்களில் மூச்சுக்காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகத் தொற்று பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனமும் ஏப்ரல் 30 அன்று தெளிவாக்கியது. ஆகவே பருப்புப் பொட்டலத்தைவிட, அதை வாங்க வரிசையில் முன்னால் நிற்பவர் விடும் மூச்சுதான் கவனிக்க வேண்டியது.

இதை வைத்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள். தெருவைப் பார்த்து மேசை போட்டு, வெளியில் நின்றபடியே வாங்க விடும் கடை நல்லது. உள்ளே போய் நாமே எடுக்கும் ஏசி கடை, எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், இப்போது வேண்டாம். கடை திறக்கும் முதல் அரை மணியும் மூடும் முன் கடைசி அரை மணியும்தான் நெரிசல். ஏழே காலிலிருந்து எட்டரைக்குள் போய்வரலாம். முந்தைய நாள் மாலையே பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பட்டியலில் எடை இருக்க வேண்டும். 'பருப்பு கொஞ்சம்' என்று எழுதினால் கடைக்காரர் திரும்பக் கேட்பார், அந்தப் பேச்சில் பத்து நிமிடம் போகும். ஆறு பேருக்கு ஒரு வாரத்துக்கு, இரண்டு வேளைச் சோறு என்றால், அரிசி எட்டரை கிலோ, பருப்பு வகை ஒன்றரை கிலோ, எண்ணெய் முக்கால் லிட்டர் என்று தொடங்கி உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி கூட்டிக் குறையுங்கள். பணத்தை ஜிபேயில் அனுப்பலாம், இல்லையென்றால் சரியான சில்லறையாகக் கொண்டு போகலாம். நோட்டைக் கழுவவோ இஸ்திரி போடவோ தேவையில்லை. தனிக் கவரில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினால் போதும்.

முகக்கவசத்தில்தான் நம் கடற்கரை ஊர்களில் பிசகு நடக்கிறது. மே மாதப் புழுக்கத்தில் துணிக் கவசம் சீக்கிரமே வியர்வையில் நனைந்துவிடும். நனைந்த துணியில் மூச்சு விடுவது சிரமம். காற்று ஓரங்களில் புகுந்து போகும், ஆளும் அதை மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவார். உள்ளே சர்ஜிக்கல் கவசம், அதன்மேல் முகத்தோடு இறுக்கும் துணிக் கவசம் என இரண்டாகப் போடட்டும். மாற்றுக்கு ஒரு ஜோடி காகிதக் கவரில் இருக்கட்டும். ஈரமானதும் கூட்டத்தைவிட்டு விலகி நின்று, காதுக் கயிற்றைப் பிடித்துக் கழற்றி மாற்ற வேண்டும். என்95 கிடைத்தால் அதை மட்டும் போட்டால் போதும். மேலேயோ கீழேயோ இன்னொன்று சேர்த்தால் அதன் விளிம்பு முகத்தில் படியாது. வால்வு வைத்தது வேண்டாம், வெளிமூச்சு வடிகட்டப்படாமல் அதன் வழியே போய்விடும். தாடி அடர்த்தியாக இருந்தாலும் என்95 பொருந்தாது, அவருக்கு இரட்டைக் கவசமே நல்லது.

இனி தண்ணீர். உப்பு போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பை முதலில் பிடித்துக்கொண்டு வெள்ளைத் திரியாக்கிவிடும். மிச்சமிருக்கும் சோப்புதான் நுரையாகும், கிருமியின் கொழுப்புறையை உடைக்கும் வேலையும் அதனுடையதே. அதனால் நுரை வராத கழுவலை முழுக் கழுவலாக எண்ண வேண்டாம். அதற்காகக் குடம் குடமாக நல்ல தண்ணீரும் வேண்டியதில்லை. அரை டம்ளர் நல்ல தண்ணீரில் கையை நனைத்து, சோப்புப் போட்டு, நுரை வந்தபின் விரலிடுக்கு, கட்டைவிரல், நக ஓரம், மணிக்கட்டு என்று 20 விநாடி தேய்க்கட்டும். அலசுவதை உப்புத் தண்ணீரில் தாராளமாகச் செய்யலாம். கட்டி சோப்புக்குப் பதில் திரவ ஹேண்ட்வாஷ் வாங்கினால் இன்னும் எளிது. பெரும்பாலான திரவங்களில் இருப்பது வேறு வகை நுரைப்பான், அது உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். பாத்திரம் விளக்கும் திரவத்தில் இரண்டு சொட்டும் அதே வேலையைச் செய்யும், தோல் மட்டும் வறளும்.

சானிடைசர் வழியில் பயன்படுத்த மட்டும். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று சீட்டில் பாருங்கள். உள்ளங்கை நிறைய எடுத்துக் காயும்வரை தேய்க்க வேண்டும். மீன் பிசுக்கு, மண், வியர்வை ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. பைக் பெட்டியில் வெயிலில் வைக்காதீர்கள். தடவிய கை நன்றாகக் காயாமல் அடுப்புப் பக்கம் போகவும் கூடாது, தீப்பிடிக்கும்.

பிளீச்சிங் பவுடரை உணவுப் பொருள்மீதோ ஆள்மீதோ தெளிக்காதீர்கள். ஆள்மீது மருந்து தெளிப்பதைக் கடந்த ஆண்டே மத்திய சுகாதார அமைச்சகம் கூடாது என்று சொல்லிவிட்டது. வீட்டில் யாருக்காவது தொற்று வந்து, கழிப்பறை, கதவுப்பிடியைத் துடைக்க வேண்டியிருந்தால் லிட்டருக்கு 3 கிராம் கலந்தால் போதும். அன்றன்றைக்குக் கலக்குங்கள். கடற்காற்று ஈரம் பட்டால் பவுடரின் வீரியம் போய்விடும் என்பதால், திறந்த மூட்டையிலிருந்து அள்ளித் தரும் பவுடரை வாங்க வேண்டாம். கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

காய்கறியைச் சமைக்கும் முன் தண்ணீரில் அலசினால் போதும். வெண்டைக்காய், கீரையின் உள்ளே சோப்பு ஊறினால் முழுதாக வெளியேறாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். வாங்கி வந்ததும் கழுவி ஈரத்தோடு ஃபிரிட்ஜில் அடுக்குவதும் தவறு, இரண்டு நாளில் வழவழத்துவிடும். பையோடு காற்றாட வைத்து எடுத்து அடுக்குங்கள். கீரையையும் வெண்டையையும் முதல் இரண்டு நாளில் சமையுங்கள். அடுத்து கத்தரி, முருங்கை. வாரக் கடைசிக்குப் பூசணி, சேனை, உருளை. பால் கவரின் வெளிப்புறத்தைத் தண்ணீரில் ஒருமுறை அலசி வெட்டலாம்.

மீன் தாராளமாக வாங்கலாம். மீனைச் சாப்பிட்டுத் தொற்று வராது. கவனிக்க வேண்டியவை இரண்டு: கரையில் கூடும் கூட்டம், ஐஸ் இல்லாமல் கெடும் மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, நாட்டுப்படகும் வல்லமும் கொண்டு வருவதுதான் வரத்து. மீன் குறைவு என்பதால் ஏலத்தில் நெருக்கியடிக்கிறார்கள். உரக்கக் கூவும்போது வாயிலிருந்து தெறிக்கும் நுண்துளி சாதாரணப் பேச்சில் வருவதைவிட அதிகம். திறந்த கடற்கரைதான் என்று எண்ணித் தோளோடு தோள் நின்றால் காற்றால் பயனில்லை. ஏலத்துக்குப் போகாமல், கூறு கட்டி விற்பவரிடமோ தெருவுக்கு வரும் சைக்கிள்காரரிடமோ, உங்கள் பாத்திரத்தை நீட்டி வாங்குங்கள்.

மீன் நல்லதா என்று முகர்ந்து பார்ப்பதற்காகக் கவசத்தை இறக்குவதை எல்லா இடத்திலும் காண்கிறோம். மூக்கு வேண்டாம், கண்ணும் விரலும் போதும். கண் துருத்தித் தெளிவாக இருக்க வேண்டும், குழிந்து மங்கியிருக்கக் கூடாது. செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் விடுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழ வேண்டும்.

ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்குபவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில். இந்த வெயிலில் மீனும் ஐஸும் எடைக்கு எடை வேண்டும்: இரண்டு கிலோ மீனுக்கு இரண்டு கிலோ ஐஸ், தெர்மோகோல் பெட்டியில் அடுக்கடுக்காக. சூரை, மத்தி, கானாங்கெளுத்தி வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். அதன்பின் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். ஊரடங்கில் இதற்காக மருத்துவமனைக்கு அலைவதைத் தவிர்க்க, இந்த மூன்று வகையையும் வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள். விளமீன், பாறை போன்றவற்றைக் குடல் நீக்கிச் சுத்தம் செய்து உறைபெட்டியில் வைக்கலாம். மின்சாரம் போனால் பெட்டியைத் திறக்காதீர்கள். நிறைந்த உறைபெட்டி மூடியே இருந்தால் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். கருவாடு இருப்பு இருந்தால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மீன் நடையே மிச்சம்.

வாப்பாவின் மருந்தைக் காலை நெரிசலில் வாங்க வேண்டாம். மருந்துக்கடைகளுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. மதியம் வெறிச்சோடிய வேளையில் போய் ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிவிடலாம். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜின் கதவில் இல்லாமல் நடுத்தட்டில் இருக்கட்டும். உறைந்துபோன குப்பியைப் போடக் கூடாது. மின்தடை நீண்டால், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறிய பானை வைத்து, அதில் குப்பியைக் கவரோடு வையுங்கள்.

கடையைவிட அதிக நேரம் நெருங்கி நிற்கும் இடம் ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கிறது: தண்ணீர் வரிசை. குழாயடியிலும் லாரியைச் சுற்றியும் தெரிந்த முகங்கள் என்பதால் கவசம் இறங்கிவிடும், பேச்சு நீளும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஆள் விலகி நிற்கலாம். முறை வரும்போது ஒருவர் மட்டும் போய்ப் பிடிக்கட்டும். இதற்குத் தெருக்காரர்கள் நாலு பேர் பேசி ஒப்புக்கொண்டால் போதும். தள்ளுவண்டியில் வாங்குபவர்கள் வாசலுக்கு வெளியே குடத்தை வைத்து ஊற்றச் சொல்லலாம்.

தம்பி வீட்டுக்கு வந்ததும் செருப்பை வாசலில் விட்டு, கையைக் கழுவி, துணிக் கவசத்தைச் சோப்புத் தண்ணீரில் துவைத்து வெயிலில் போடட்டும். குளிப்பது அவர் விருப்பம். வாப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிடும் வழக்கம் இருந்தால் இந்த வாரங்களுக்கு நிறுத்துங்கள், அவர் படுக்கும் அறையின் இரண்டு ஜன்னலும் திறந்திருக்கட்டும். அறிகுறியே இல்லாமல் தம்பி தொற்றைக் கொண்டு வரலாம் என்பதால்தான் இவ்வளவும். தம்பிக்குக் காய்ச்சல் வந்தாலோ, கருவாடு வறுக்கும் வாசம்கூடத் தெரியவில்லை என்றாலோ அன்றே தனியறை, அன்றே பரிசோதனை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்குக் கூப்பிடுங்கள். அதுவரை கடைக்கு வேறு ஆள் போகட்டும்.