தி.நகருக்குப் பின்னால் ஒட்டும் எழுத்துகள்

கேள்வி: எங்கள் கடையின் விநியோகப் பட்டியலைப் பிரிக்க சி மொழியில் சிறு புரோகிராம் எழுதியுள்ளேன். ஒவ்வொரு வரியிலும் பெயர், இரட்டை மேற்கோளுக்குள் பகுதி, பின்கோடு ஆகியவை இருக்கும். தொடக்க மேற்கோளிலிருந்து அடுத்த மேற்கோள் வரை பாயிண்டரை (நினைவக இடத்தைச் சுட்டும் மாறி) நகர்த்தி, இடைப்பட்டதை ஸ்ட்ர்என்காப்பி (strncpy) என்ற நகலெடுக்கும் ஃபங்ஷன் மூலம் 64 பைட் குளோபல் அரேயில் நகலெடுக்கிறேன். முதல் வரியின் "அண்ணா நகர்" சரியாக அச்சாகிறது, அடுத்த வரியின் "தி.நகர்", "தி.நகர்கர்" என்று வருகிறது. சில வரிகளில் புரோகிராமே நின்றுவிடுகிறது. எழுத்துருக் கோளாறா?

– வாசகர், பெரம்பூர், சென்னை-11

பதில்: எழுத்துருவின் மீது பழியில்லை. கொடுத்த நீளத்துக்குள் மூல ஸ்ட்ரிங் முடியாவிட்டால், ஸ்ட்ர்என்காப்பி அத்தனை பைட்டுகளை மட்டும் நகலெடுத்துவிட்டு, முடிவைக் காட்டும் பூஜ்ய பைட்டைப் போடாமலே திரும்பிவிடும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மெய்ப்புள்ளியும் துணைக்காலும் உட்பட ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், இடைவெளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் 1 பைட் என்பதால், "அண்ணா நகர்" 28 பைட், "தி.நகர்" 19 பைட், பின்னது முன்னதன் மேல் எழுதப்படும்போது மிஞ்சும் 9 பைட்டுகளே அந்தக் "கர்". (புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டிருந்தால் ககரம் பாதியில் வெட்டுப்பட்டுக் கட்டங்களாகத் தெரிந்திருக்கும், எழுத்துருவை இன்னும் உறுதியாகச் சந்தேகித்திருப்பீர்கள்.) குளோபல் அரே தொடக்கத்தில் முழுவதும் பூஜ்யமாக இருப்பதால்தான் முதல் வரி தப்பியது.

இரு பாயிண்டர்களின் வித்தியாசமே நீளம். அது 63ஐத் தாண்டவில்லை என்று சோதித்து, கொடுத்த எண்ணிக்கை பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பியால் (memcpy) நகலெடுத்து, அந்த நீளத்துக்கு அடுத்த பைட்டில் பூஜ்யத்தை நீங்களே வையுங்கள்.

புரோகிராம் நிற்பதற்குக் காரணம் வேறாக இருக்கக்கூடும். உங்கள் லூப் மேற்கோளை மட்டுமே தேடுவதால், மூடும் மேற்கோளைத் தட்டச்சு செய்ய மறந்த வரியில் அது பூஜ்ய பைட்டையும் கடந்து, புரோகிராமுக்கு உரியதல்லாத நினைவகம் வரை ஓடக்கூடும். எனவே மேற்கோள் வந்தாலும் பூஜ்யம் வந்தாலும் நிற்குமாறு நிபந்தனையை மாற்றுங்கள். எல்லா வரிகளையும் ஒரே அரேயில் படிப்பவரானால், முந்தைய நீண்ட வரியின் மேற்கோள் எஞ்சிக் கிடந்து அங்கே லூப் நிற்கலாம். புரோகிராம் நிற்காது, பகுதி மட்டும் தவறாக வரும். இது அரேயின் எல்லைக்குள்ளேயே நடப்பதால் நினைவக எல்லை மீறல்களைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரிலும் அகப்படாது. பூஜ்யத்தில் நின்றால், விடுபட்ட மேற்கோளை ஊகித்து நிரப்பாமல், வரி எண்ணைக் காட்டி அந்த வரியை ஒதுக்குவதே முறை.

இதற்குப் பதிலாக, குறிப்பிட்ட பிரிப்புக் குறிகளில் ஸ்ட்ரிங்கைத் துண்டாக்கும் ஸ்ட்ர்டோக் (strtok) போதும் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். மேற்கோளை அறியாத அது, இடைவெளியைப் பிரிப்புக் குறியாகக் கொடுத்தால், இடைவெளி கண்ட இடத்தில் "அண்ணா நகரை" இரண்டாக வெட்டிவிடும்.