நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட கருப்புக் கல்: சில்வியா கேள்வி பதில்

87 சில்வியா என்ற சிறுகோளை ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன் 1866 மே 16 அன்று நம் நுங்கம்பாக்கத்து மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்து கண்டுபிடித்தார். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேட்டீர்கள்.

வேளச்சேரி: சார், கருப்பு என்கிறீர்கள், அப்புறம் எப்படிக் கண்ணில் பட்டது?

நல்ல கேள்வி. தன் மேல் விழும் வெளிச்சத்தில் 100க்கு 5 பங்கைக்கூட அது திருப்பி அனுப்புவதில்லை, கிட்டத்தட்ட அடுப்புக்கரி மாதிரி. ஆனால் ஆள் பெரியது. நீளவாக்கில் சுமார் 370 கிலோமீட்டர், சென்னையில் இருந்து திருச்சி போகிற தூரத்தைவிட அதிகம். அதனால்தான் சூரியனில் இருந்து சராசரியாக 52 கோடி கிலோமீட்டர் தள்ளி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்தில் இருந்தும் தொலைநோக்கியில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. சிறுகோள்களைப் புகைப்படத் தட்டில் பிடிக்கும் வழக்கம் 1891இல்தான் வந்தது. போக்சன் காலத்தில் விண்மீன் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத புள்ளி எது, மறுநாள் அது நகர்ந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்க வேண்டும். எத்தனை ராத்திரி அப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

தாம்பரம்: பூமியில் மோதுமா?

மோதாது. மிக நெருங்கும்போதுகூட 30 கோடி கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் இருக்கும்.

அண்ணா நகர்: இதற்கு நிலா உண்டாமே?

ஒன்றல்ல, இரண்டு. 2001இல் ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில் ரோமுலஸ் தெரிந்தது. சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கியில் எடுத்த படங்களில் ரெமுஸ் கிடைத்து, 2005இல் அறிவித்தார்கள். இரண்டு நிலா உள்ள சிறுகோள் என்று முதலில் தெரியவந்தது இதுதான். ரோம் நகரக் கதையில் ரோமுலஸ், ரெமுஸ் என்ற இரட்டைப் பிள்ளைகளின் தாய் ரியா சில்வியா, பெயர் அப்படி வந்தது. நிலாக்கள் சுற்றும் வேகத்தை வைத்துத் தாய்க்கல்லின் எடையைக் கணக்குப் போட்டால் அளவுக்கு ஏற்ற கனம் இல்லை, உள்ளே இடைவெளி நிறைய. பழைய மோதலில் சிதறிய துண்டுகள் திரும்பச் சேர்ந்த கற்குவியல் என்று கருதுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: இணையத்தில் சுற்றும் பளபளப்பான சில்வியா படங்கள் ஓவியங்கள். எந்த விண்கலமும் அங்கே போனதில்லை.

மயிலாப்பூர்: உண்மையில் கண்டுபிடித்தது உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரிதானே? வெள்ளைக்காரர் பெயரைப் போட்டுக்கொண்டார்.

இல்லை. சில்வியா போக்சன் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது.

மயிலாப்பூர் மறுபடி: பதிவை எழுதியதே அவர்கள்தானே?

உங்கள் கோபம் புரிகிறது ஐயா. ஆனால் அதே வானாய்வகத்தில் 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளி மாறும் விண்மீனை ரகுநாதாச்சாரி கண்டுபிடித்தார், அந்தக் கண்டுபிடிப்பு அவர் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கோள் கடந்து போன 1874 வெள்ளி இடைநகர்வைப் பற்றி நம் நாட்டு மொழிகளிலும் எழுதி மக்களுக்கு விளக்கினார். எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆதாரம் இல்லாத ஒன்றை அவர் தலையில் ஏற்றினால், ஆதாரத்தோடு அவர் செய்ததும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போய்விடும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

திருவான்மியூர்: அப்படியென்றால் நம்மவர் யாரும் சிறுகோள் கண்டுபிடிக்கவில்லையா?

காவலூர் வானாய்வகத்தில் 1988இல் வானியலாளர் ராஜமோகன் கண்டுபிடித்தாரே! 4130 ராமானுஜன். மயிலாப்பூர் ஐயா இதைப் பற்றிப் பேசலாம், நானும் கூட வருகிறேன்.

பெரம்பூர்: மோதினால் என்ன ஆகும்?

தாம்பரத்துக்குச் சொன்னதுதான்.

கொளத்தூர்: ராசிக்கு என்ன பலன்?

என் துறை இல்லை.

அடையாறு: மொட்டை மாடியில் இருந்து தெரியுமா? படத்தில் நீலமாக இருக்கிறதே.

படம் ஓவியம் என்று மேலேயே சொன்னேன், தயவுசெய்து நம்பாதீர்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. நன்றாகத் தெரியும் காலத்திலும் ஒளி அளவு 11, 12தான்; இந்த எண் கூடக் கூட ஒளி மங்கல். எண் 5 கூடினால் ஒளி 100 மடங்கு குறையும் என்ற அந்தக் கணக்கை 1856இல் வகுத்ததும் இதே போக்சன்தான். 6 அங்குலத் தொலைநோக்கியோடு நகர வெளிச்சத்தை விட்டு வெளியே போங்கள்.

ஆவடி: மோதுமா சார்?

மோதாது. இத்தோடு இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

சைதாப்பேட்டை: அந்த வானாய்வகம் இன்னும் இருக்கிறதா?

வேலை 1899இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. தொலைநோக்கியைத் தாங்கிய 1792ஆம் ஆண்டுக் கருங்கல் தூண், தமிழிலும் எழுத்துப் பொறித்தது, கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள்.